மணிக்கு எவ்வளவு? ஒரு வயர்மேன் போட்ட கணக்கு

மதுரையில் எலக்ட்ரீஷியனைப் பார்த்து "மணிக்கு எவ்வளவு?" என்று யாரும் கேட்பதில்லை. "பாயிண்ட் என்ன ரேட்டு?" என்பார்கள். (ஒரு லைட்டுக்கோ ஃபேனுக்கோ லைன் இழுத்து மாட்டும் வேலைதான் ஒரு பாயிண்ட்.) "நாள் சம்பளமா, காண்ட்ராக்டா?" என்பார்கள். சின்ன வேலை என்றால் "வாங்க தம்பி, பாத்துக் குடுக்குறேன்" என்பார்கள். இந்த மூன்றாவது ரகத்திடம்தான் ரொம்ப உஷாராக இருக்க வேண்டும்.

என்னிடம் மணிக்கணக்கு கேட்ட ஒரே ஆள் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு அண்ணன். திருநகரில் அப்பா வீட்டுக்கு ஏசி லைன் இழுக்கக் கூப்பிட்டார். "ஒரு மணி நேரத்துக்கு உன் சார்ஜ் என்ன தம்பி?" என்றார். அவருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டுமே என்றுதான் முதல்முறையாகக் கணக்கு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருந்த புதுசு. அதற்கு முன் ஐடிஐ முடித்ததிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல் ஒரு காண்ட்ராக்டரிடம்தான் இருந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் நாளுக்கு 1,100.

கணக்குத் தெரிந்த யாரும் 1,100-ஐ 8-ஆல் வகுப்பார்கள். மணிக்கு 137 ரூபாய் சொச்சம் வரும். பேரம் பேசத் தெரிந்த வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார்: "நாள் சம்பளமே 1,100தானே, நீங்க ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டீங்க, 150 வாங்கிக்கங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 1,100 என்பது வேறொருவர் வண்டியில், வேறொருவர் மெஷினில், வேறொருவர் பேசி முடித்த வேலையைச் செய்ததற்கான சம்பளம். மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும் அவர் செலவு. தீபாவளிக்குத் துணியும் போனஸும் தனி. தனியாக வந்த பிறகு அதெல்லாம் என் தலையில்.

சரி, நோட்டில் எழுதியதை அப்படியே சொல்கிறேன்.

வாடகை, பள்ளிக்கூடம், மளிகை, அம்மா மருந்து எல்லாம் சேர்த்து வீட்டுக்கு மாதம் 28,000 வேண்டும். தொழிலுக்கு 8,000: பெட்ரோல் 4,000, டூல்ஸ் தேய்மானம் 2,000, வண்டி சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் வகையில் 1,000, போன் 400, டேப், ஸ்க்ரூ, வால் பிளக் என்று கணக்கில் வராமல் கரையும் சில்லறை 600. அப்புறம் ஒதுக்கி வைக்க 4,000. இது மிச்சம் கிடையாது, கட்டாயச் செலவு. ஏணியிலிருந்து கால் தவறினால் ஒரு மாதம் படுக்கை. சம்பளத்துக்கு இருந்தபோது காண்ட்ராக்டர் வீட்டுக்கு அரிசி மூட்டையாவது அனுப்புவார். இப்போது யார் அனுப்புவது? மொத்தம் மாதத்துக்கு 40,000.

டூல்ஸுக்கு 2,000 அதிகம் என்று என் மச்சான் சொன்னான். டிரில்லிங் மெஷினின் கார்பன் பிரஷ்ஷும் சுவரில் பைப்புக்குக் காடி (பள்ளம்) எடுக்கும் மெஷினின் டயமண்ட் பிளேடும் எத்தனை வீட்டுக்குத் தாங்கும் என்று அவனுக்குத் தெரியாது. கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும், வயரில் லீக் இருக்கிறதா என்று பார்க்கும் மெகரும் ஒருமுறை கீழே விழுந்தால் அந்த மாதத்து 2,000 அதிலேயே போய்விடும்.

இதுவரை சுலபம். அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்தது: மாதத்தில் எத்தனை மணி நேரத்துக்கு எனக்குக் காசு வருகிறது?

காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குத்தான் வீடு. பத்தரை மணி நேரம் வெளியே. அதில் திருநகரிலிருந்து ஒத்தக்கடை போய்வர ஒன்றரை மணி நேரம் ரோட்டிலேயே. காளவாசல் சிக்னலிலும் கோரிப்பாளையத்திலும் நிற்பதற்கு யார் கூலி தருவார்கள்? டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்ச் சாமான் எடுக்க முக்கால் மணி நேரம். "வந்து பாத்துட்டு எஸ்டிமேட் மட்டும் குடுங்க" என்பவர் வீட்டில் ஒரு மணி நேரம். அந்த வேலை நமக்கே வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பாக்கி வாங்கப் போய் காலிங் பெல் அடித்துவிட்டு நிற்கும் நேரம் வேறு. எல்லாம் போக ஒரு நாளில் 5 மணி நேரம் காசு தரும் வேலை இருந்தால் நல்ல நாள். மாதம் 22 நாள் என்று வைத்தால் 110 மணி நேரம்.

40,000-ஐ 110-ஆல் வகுத்தால் 364 வருகிறது. நானும் அதோடு நோட்டை மூடப் பார்த்தேன். வீட்டம்மா விடவில்லை. "ஆடி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அதுதான் எங்கள் தொழிலின் காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச மாட்டார்கள். அதனால் ஆனிக்குள் முடித்துக்கொடு என்று மேலே விழுந்து பிடுங்குவார்கள், ஆடியில் போன் அடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கான்கிரீட் தள்ளிப்போனால் அதற்குள் புதைக்கும் ரூஃப் பைப் வேலையும் தள்ளிப்போகும். தை பிறந்தால் ஒரே நாளில் நாலு வீட்டுக்காரர் கூப்பிடுவார். ஆக, வருஷத்தில் 10 மாதம் முழுசு, 2 மாதம் பாதி என்று வைத்தேன். 1,210 மணி நேரம். வருஷச் செலவு 4,80,000. வகுத்தால் 397. ரவுண்டாக மணிக்கு 400.

137 எங்கே, 400 எங்கே! நோட்டைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் பார்த்தேன், எதிலும் ஆடம்பரம் இல்லை. பழைய சம்பளத்தில் எப்படி வாழ்ந்தோமோ அதே வாழ்க்கைக்குத்தான் இந்த 400. லாபம் என்ற சொல்லையே நான் இன்னும் எழுதவில்லை.

இப்போது கேள்வி, இந்த 400-ஐ வாடிக்கையாளரிடம் சொல்வதா? பெரும்பாலும் சொல்வதில்லை. அது எனக்கான அளவுகோல். வெளியே பேசுவது பாயிண்ட் ரேட்டும் வேலை ரேட்டும்தான். நம் ஊரில் மணிக்கணக்கு பேசினால் வீட்டுக்கார ஐயா நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்துவிடுவார். டீ குடிக்கும் பத்து நிமிஷத்தைக் கழிப்பார். போன் எடுத்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். வேலையும் ஓடாது, மரியாதையும் இருக்காது.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முன்பு உளியும் சுத்தியலும் வைத்து ஒரு அறைக்குக் காடி எடுக்க ஒரு நாள் ஆகும். இப்போது மெஷினை வைத்து அரை நாளில் முடிகிறது, கோடும் நேராக வருகிறது. மணிக்கணக்கு என்றால் மெஷினுக்குச் செலவு செய்தது நான், கூலி குறைவதும் எனக்கே என்று ஆகிவிடும். பாயிண்ட் ரேட்டில் அந்தச் சேமிப்பு என் பக்கம் நிற்கிறது. வீட்டுக்காரருக்கும் வேலை சீக்கிரம் முடிகிறது.

ஒரே ஒரு வகை வேலைக்கு மட்டும் மணிக்கணக்கை வாய்விட்டே சொல்கிறேன்: ஃபால்ட் பார்ப்பது. அதற்குப் பாயிண்டும் கிடையாது, அளவும் கிடையாது. பத்து நிமிஷத்தில் கிடைக்கலாம், பொழுது சாயலாம்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய வீடு. மழை பெய்தால் ஈஎல்சிபி விழுகிறது என்று கூப்பிட்டார்கள். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானாகவே லைனை வெட்டும் ஸ்விட்ச் அது. இப்போது வருவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஆனால் மக்கள் வாயில் எல்லாமே ஈஎல்சிபிதான். ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் டிரிப்பர் ஸ்விட்ச் எல்லாவற்றையும் கீழே தள்ளிவிட்டு ஒவ்வொன்றாக மேலே போட்டால் எந்த லைனில் கோளாறு என்று தெரிந்துவிடும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், லீக் ஆனால் தெரியும். அந்த வீட்டில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல்தான் எர்த்தோடு சேர்ந்திருந்தது. சிங்கிள் போல் டிரிப்பர் பேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் எப்போதும் லிங்க்கில் (எல்லா நியூட்ரலும் சேரும் பட்டையில்) இணைந்தேதான் இருக்கும். கோளாறு உள்ள லைனின் டிரிப்பரைத் தள்ளினாலும், வேறு அறையில் ஃபேன் ஓடும்போது நியூட்ரலில் திரும்பிப் போகும் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாகக் கசியும், ஆர்சிசிபி விழும். அதனால் மெயினை ஆஃப் செய்து, நியூட்ரல் லிங்க்கில் இருக்கும் ஒவ்வொரு வயரையும் கழற்றி, தனித்தனியாக மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். டிரிப்பர்கள் இருக்கும் அந்த வீட்டு டிபி பாக்ஸில் எந்த நியூட்ரல் எந்த அறைக்கு என்று ஒரு நம்பர் கூட இல்லை. எல்லாம் கறுப்பு. கடைசியில் மொட்டை மாடியில் டேங்க் பக்கத்தில் இருந்த லைட்டின் ஜாயிண்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கியிருந்தது. அதை மாற்றப் பத்து நிமிஷம், கண்டுபிடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

"ஒரு பாக்ஸ மாத்துனதுக்கா ஆயிரம் ரூவா?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவர் கண்ணால் பார்த்தது அந்தப் பாக்ஸ் ஒன்றைத்தான். நல்லவேளையாக ஆரம்பிக்கும் முன்பே ரேட்டைச் சொல்லியிருந்தேன்: வந்து பார்க்கும் முதல் ஒரு மணி நேரம் 450, அதற்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 200, இரண்டு மணி நேரம் தாண்டினால் கேட்டுவிட்டுத்தான் தொடர்வேன். இடையில் கேட்கவும் கேட்டேன், "சரி பாருங்க தம்பி" என்றிருந்தார். கொடுத்தார். கழற்றிய நியூட்ரல் எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்து யார் போனாலும் அரை மணி நேரத்தில் முடியும். அந்த நம்பர் ஒட்டும் வேலையை நான் காசில்லாமல் செய்வதில்லை, அந்த 200-க்குள் அது அடக்கம்.

ஃபால்ட் பார்க்கும்போது இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறேன். என்ன செய்கிறேன் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வேன். "இப்ப கிச்சன் லைன் கழட்டிட்டேன்மா, மெகர்ல நல்லா இருக்கு, இது இல்ல." பேசாமல் இரண்டு மணி நேரம் தடவிக்கொண்டிருந்தால் தெரியாமல் தடவுகிறான் என்றுதான் நினைப்பார்கள்.

சில்லறை வேலைக்கு வேறு ரேட். ஃபேன் மாட்டவோ ஒரு ஸ்விட்ச் மாற்றவோ வீட்டுக்குள் வந்தாலே குறைந்தது 250. பக்கத்துத் தெரு என்றாலும் அதேதான். ஒரு ஸ்விட்சுக்கு 250-ஆ என்பவரிடம் "வீட்டில் வேறு என்னென்ன கோளாறு இருக்கு, சேர்த்து எழுதி வைங்க, ஒரே தடவையில முடிச்சிடலாம்" என்பேன். அநேகமாக நாலைந்து வேலை தேறும். அவருக்கும் லாபம், எனக்கும் பெட்ரோல் மிச்சம்.

பாயிண்ட் ரேட்டுக்கு வருவோம். சண்டை எல்லாம் இங்கேதான். ரேட்டை விட, எது ஒரு பாயிண்ட் என்பதில்தான் வாய்த்தகராறு வரும். என் கணக்கு இது: லைட், ஃபேன், பெல் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். ஸ்விட்ச் போர்டிலேயே வரும் 5 ஆம்ஸ் பிளக் அரை பாயிண்ட், தனியாக பாக்ஸ் வைத்தால் ஒரு பாயிண்ட். மாடிப்படி டூ-வே ஸ்விட்ச் ஒன்றரை. 15 ஆம்ஸ் பவர் பிளக்கும் ஒன்றரை, அதற்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் இழுக்க வேண்டும். ஏசி, ஹீட்டருக்கு டிபியிலிருந்து தனி லைன் 4 ஸ்கொயரில் போடுவேன், அது இரண்டு பாயிண்ட். டிபி டிரஸ்ஸிங் (டிபிக்குள் வயர்களை ஒழுங்காகக் கட்டுவது), எர்த் குழி, மீட்டர் போர்டிலிருந்து வரும் மெயின் லைன் மூன்றும் பாயிண்டில் சேராது, தனித்தனி. பேசும்போதே இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிடுகிறேன். சுவரில் பூச்சு முடிந்த பிறகு "இங்க ஒரு பிளக் வேணுமே" என்று வந்தால் அது இரண்டு மடங்கு என்பதும் அந்தத் தாளில் இருக்கும். மாமியாரும் மருமகளும் டிவி எந்தச் சுவரில் என்று ஒத்துப்போகாத வீடுகளில் அந்த வரிக்கு ரொம்ப வேலை உண்டு.

நான் ஆரம்பித்தது பாயிண்டுக்கு 300, கூலி மட்டும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 90 பாயிண்ட் வரும், அதாவது 27,000. ரூஃப் பைப், காடி, வயர் இழுப்பு, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து நானும் ஒரு ஹெல்பரும் 11 நாள். ஹெல்பருக்கு 700 வீதம் 7,700 போனால் 19,300 மிச்சம். நாளுக்கு 1,750 சொச்சம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு நாளும் ஒரே இடத்தில் வேலை கிடைத்து, நல்ல மாதத்தில் 24 நாள், ஆடி மார்கழியில் 12 நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 264 நாள். என் 4,80,000-ஐ அதால் வகுத்தால் நாளுக்கு 1,818 வேண்டும். ஆக 300 ரூபாய் ரேட்டில் ஒவ்வொரு நாளும் அறுபது ரூபாய் கீழே நிற்கிறேன்.

அப்படியானால் 250-க்குப் பேசுபவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்? இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. சில இடங்களில் கூலியைக் குறைத்துச் சொல்லிவிட்டு, வித்தியாசத்தைச் சாமான் கடையில் கமிஷனாக வாங்கிக்கொள்கிறார்கள். வயர், ஸ்விட்ச், பைப் எல்லாம் சேர்ந்தால் கூலியை விடப் பெரிய தொகை. அதில் கொஞ்சம் சதவீதம் கிடைத்தாலே போதும். வீட்டுக்காரருக்குக் கூலி குறைந்த சந்தோஷம், காசு மட்டும் அவர் பையிலிருந்துதான் போயிருக்கும். சில சமயம் சுருளின் மேல் ஒரு பிராண்ட், சுவருக்குள் வேறு வயர். நான் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, பில்லை வீட்டுக்காரர் பெயரிலேயே போடச் சொல்கிறேன். நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. கமிஷன் வாங்க ஆரம்பித்தால் என் கூலி எவ்வளவு என்பது எனக்கே தெரியாமல் போய்விடும். கமிஷன் வேண்டாம் என்றால் கூலி தன் காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதை வீட்டுக்காரரிடமும் சொல்கிறேன்: "அண்ணே, நான் கேக்குறதுதான் நான் வாங்குறது. கடையில எனக்குப் பத்து பைசா கிடையாது." பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர்தான் என் வாடிக்கை.

எவ்வளவு ரேட் பேசினாலும் கைக்கு வந்தால்தான் காசு. வீட்டு வேலையில் கடைசிப் பாக்கிதான் கழுத்தறுப்பு. பால் காய்ச்சிக் குடிவந்த பிறகு, எரியும் லைட்டுக்குக் காசு கொடுக்க யாருக்கும் அவசரம் இருக்காது. அதனால் ரூஃப் பைப் போட்டதும் 20 சதவீதம், காடியும் பாக்ஸும் முடிந்ததும் 30, வயர் இழுத்ததும் 30, ஃபேனும் ஃபேன்ஸி லைட்டும் மாட்டும் முன் 15 என்று வாங்கிவிடுகிறேன். கடைசி 5 சதவீதத்தை பால் காய்ச்சும் அன்றைக்கு வெற்றிலை பாக்கோடு கொடுப்பார்கள். அதில் பத்து ரூபாய் கூடவே வைப்பவர்களும் உண்டு.

நாள் சம்பளத்துக்கு நேரடியாக வீட்டுக்காரரிடம் போவதைக் குறைத்துவிட்டேன். என் கணக்குக்கு 1,800 வேண்டும், ஊரில் நடப்பது 1,200. யாரையும் நம்பவைக்க முடியாது. ஆனால் ஆடியில் வேறொரு காண்ட்ராக்டரிடம் 1,200-க்குப் போகிறேன். மெஷின் அவருடையது, அலைச்சல் இல்லை, பாக்கி வசூல் இல்லை, சாயங்காலம் கையில் காசு. அந்தப் பழைய காண்ட்ராக்டரிடமே போன வருஷ ஆடியில் ஒரு வாரம் வேலை பார்த்தேன். "என்னடா மொதலாளி" என்று கிண்டல் செய்தார், சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

சொந்தக்காரர் விஷயம் ஒன்று பாக்கி. சித்தப்பா வீட்டில் காசு வாங்க முடியாது. வாங்காமலே இருந்தால் பெரியப்பா, அத்தை, அத்தையின் சம்பந்தி என்று வரிசை நீளும். நான் கண்ட வழி: ரத்த சொந்தத்துக்குச் சில்லறை வேலை சும்மா, பாயிண்ட் வேலை என்றால் ஹெல்பர் சம்பளமும் என் பெட்ரோலும் மட்டும். அதற்கு அப்பால் எல்லோரும் வாடிக்கையாளர்.

ஜிஎஸ்டி உண்டா என்று புதிதாகத் தனியே வருபவர்கள் கேட்கிறார்கள். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நமக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை. அதைவிட, பேங்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா போட்டுவிடுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிந்துவிடுங்கள். ஏணி ஏறும் தொழில் இது.

ஹெல்பர் தம்பி 750 கேட்கிறான். கேட்பது நியாயம், இப்போது அவனே தனியாக டிபி கட்டுகிறான். அவனுக்குக் கூட்டி, என் அறுபது ரூபாய்ப் பள்ளத்தையும் மூட வேண்டும் என்றால் பாயிண்ட் 320 ஆக வேண்டும். வீட்டம்மா நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டாள், நாளுக்கு 1,868 நிற்கிறது. தை முதல் தேதியிலிருந்து புது ரேட். ஏற்கெனவே தாளில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு 300தான்.